காதில் விழுந்தது நாவில் ஏறுமுன்

ஒரு சமுதாயத்தை மாற்றுவது எது? அரசு இயற்றும் சட்டமா, பெருகிவரும் தொழிலா, பள்ளிக்கூடமா? இவை ஒவ்வொன்றுக்கும் பங்கு உண்டு. ஆயினும் மக்கள் நாள்தோறும் எதைக் கேட்கிறார்கள், கேட்டதை எவ்வாறு நம்புகிறார்கள், நம்பியதை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் என்பதும் சட்டத்திற்குக் குறையாத வலிமையுடையது. செய்தித்தாள், வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி, இன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் கைப்பேசி என்று மக்கள் தொடர்புச் சாதனங்கள் பெருகப் பெருக, இந்த உண்மையின் கனமும் கூடிக்கொண்டே வருகிறது.

"இந்தச் சாதனங்கள் நம் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டன, நம் பண்பாட்டை அழித்துவிட்டன" என்று மிம்பர் மேடையிலும் பொதுமேடையிலும் நாம் அடிக்கடி முழங்குகிறோம். அப்படி முழங்குவது எளிது. பழியை ஒரு பெட்டியின் மீதும் ஒரு கண்ணாடித் திரையின் மீதும் இறக்கிவைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால், சமூகவியல் அறிஞர்களின் ஆய்வும் நம் மார்க்கம் வகுத்த நெறியும் அவ்வாறு ஒதுங்கிக்கொள்ள நமக்கு இடம் தரவில்லை. சாதனம் தனித்து நின்று சமுதாயத்தை மாற்றுவதில்லை. அது தரும் செய்தியை ஏந்திக்கொண்டு அடுத்தவர் வாசலுக்குச் செல்லும் மனிதனே மாற்றுகிறான். வாசக அன்பர்கள் இதனைச் சற்று ஊன்றிச் சிந்திக்க வேண்டும்.

ஆய்வு சொல்லும் உண்மை

1940ஆம் ஆண்டு அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்றது. ஒஹாயோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்டு என்னும் அறிஞர் தம் குழுவினருடன் ஓர் ஆய்வு நடத்தினார். வானொலியும் செய்தித்தாளும் வாக்காளர் மனத்தை எந்த அளவுக்கு மாற்றுகின்றன என்று அறிவதே நோக்கம். கிடைத்த விடையோ வேறு. பெரும்பாலோரை வானொலி நேரடியாக மாற்றிவிடவில்லை. தாம் நன்கு அறிந்த, தாம் மதிக்கின்ற ஒருவர் சொன்ன சொல்லே அவர்களை அதிகம் அசைத்தது. அந்த ஒருவர்தாம் செய்தித்தாளைப் படித்து, வானொலியைக் கேட்டு, தம் சுற்றத்தாருக்கு எடுத்துச் சொன்னவர். செய்தி இரண்டு படிகளில் இறங்கி வருகிறது என்னும் இக்கருத்தை, எலிஹு காட்ஸ் என்பாரும் லாசர்ஸ்ஃபெல்டும் 1955இல் வெளியிட்ட நூலில் மேலும் விரித்துரைத்தனர்.

இதற்கு மாறாக, சாதனத்தின் ஆற்றலையே பெரிதாக மதித்தவர்களும் உண்டு. டேனியல் லெர்னர் என்பவர் துருக்கி, லெபனான், எகிப்து, சிரியா, ஜோர்டான், ஈரான் ஆகிய 6 நாடுகளைப் பற்றி 1958இல் ஒரு புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். வானொலியும் திரைப்படமும் பரவினால் பழைய சமுதாயம் தானாகக் கரைந்துபோகும் என்பது அவருடைய துணிபு. நடந்தது என்ன? அவர் ஆராய்ந்த அதே ஈரானில், 1978லும் 1979லும், வானொலியும் தொலைக்காட்சியும் அரசரின் கையில் இருந்தபோதே, நாடு கடந்து வாழ்ந்த ஒரு மார்க்க அறிஞரின் உரைகள் ஒலிநாடாக்களில் பதிவாகி, பள்ளிவாசல் வழியாகவும் கடைவீதி வழியாகவும் ஊர் ஊராகப் பரவின. அரியணையே சரிந்தது. அந்த அரசியலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது இங்கு நம் நோக்கமன்று. புதிய கருவி பழைய உறவுகளை அழித்துவிடவில்லை, பழைய உறவுகளின் மீதேறியே அது பயணம் செய்தது என்பதே நாம் காண வேண்டிய பாடம்.

ஆகவே கருவியை வெறுப்பது தீர்வாகாது. உதுமானியப் பேரரசின் தலைநகரில் அரபு எழுத்துகளில் நூல் அச்சிட இப்ராஹீம் முத்தஃபரிக்கா என்பவருக்கு 1727இல்தான் அரசாணை கிடைத்தது. முதல் நூல் 1729இல் வெளிவந்தது. ஐரோப்பாவில் அச்சுக்கலை தோன்றி அதற்குள் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அந்தத் தாமதத்தால் சமுதாயம் அடைந்த இழப்பு சிறிதன்று. இதற்கு மாறாக, 1882இல் கண்டியில் மு.கா. சித்திலெவ்வை "முஸ்லிம் நேசன்" என்னும் தமிழ் ஏட்டைத் தொடங்கி, அச்சு எந்திரத்தையே கல்விக்கும் சீர்திருத்தத்திற்கும் பணியாளாக ஆக்கிக்கொண்டார். கருவி ஒன்றுதான், அதைப் பிடித்த கைகள் வேறு.

இப்னு கல்தூன் காட்டிய நோய்

சமூகவியல் என்பது மேல்நாட்டில் பிறந்த கல்வி என்று பலர் எண்ணுகின்றனர். துனிஸ் நகரில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன், 1377இல் எழுதிய "முகத்திமா" என்னும் நூலில், மனித சமுதாயத்தின் இயல்பைத் தனியோர் அறிவுத்துறையாகவே ஆராய்ந்தார். அந்நூலின் முற்பகுதியிலேயே அவர் ஒரு கேள்வியை எழுப்புகிறார்: செய்திகளில் பொய் புகுவது ஏன்?

அவர் அடுக்கும் காரணங்கள் இன்றைய காலை எழுதியவை போலிருக்கின்றன. முதலாவது, தன் கட்சி, தன் கொள்கை என்னும் பற்று. அந்தப் பற்று கண்ணை மறைத்துவிட்டால், தனக்குப் பிடித்த செய்தியை மனம் ஆராயாமலே ஏற்றுக்கொள்கிறது. அடுத்து, சொன்னவர் மீது கொண்ட அளவு கடந்த நம்பிக்கை. பிறகு, சொல்லப்பட்டதன் நோக்கத்தை அறியாமை. பதவியில் இருப்போரைப் புகழ்ந்து அவர்களை நெருங்கும் ஆசை. எல்லாவற்றுக்கும் மேலாக, மனித வாழ்க்கை எப்படி இயங்குகிறது என்பதை அறியாமை.

சான்றாக, மூஸா (அலை) அவர்களின் காலத்தில் இஸ்ரவேலர்களின் போர்வீரர்கள் 6 இலட்சத்துக்கு மேல் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்த கணக்கை அவர் எடுத்துக்கொள்கிறார். அவ்வளவு பெரிய படையை அந்த நிலம் தாங்குமா? அணிவகுத்து நின்றால் ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்குத் தெரியுமா? சில தலைமுறைகளில் ஒரு குலம் அந்த அளவுக்குப் பெருகுமா? இப்படிக் கேட்டுக் கேட்டு, அந்த எண்ணிக்கையை ஏற்க மறுக்கிறார். பெரிய ஆசிரியர்கள் எழுதிவிட்டார்களே என்று அவர் அடங்கிவிடவில்லை.

மதீனாவில் ஒரு மாதம்

வதந்தி ஒரு சமுதாயத்தை எப்படி அரிக்கும் என்பதற்கு நம் வரலாற்றில் மிகப் பெரும் சான்று, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சுமத்தப்பட்ட அவதூறாகும். பனூ முஸ்தலிக் போர்ப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், காணாமற்போன கழுத்து மாலையைத் தேடிச் சென்றார்கள் அன்னையவர்கள். அவர்கள் சிவிகைக்குள் இருப்பதாக எண்ணி, படை புறப்பட்டுவிட்டது. பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் தம் ஒட்டகத்தில் அன்னையை அமரச் செய்து, தாம் அதை நடத்திக்கொண்டு வந்து சேர்த்தார்கள். நடந்தது இவ்வளவே. நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை இதிலிருந்து ஒரு பழியை இட்டுக்கட்டினான்.

இட்டுக்கட்டியவன் நயவஞ்சகன். ஆனால் அதைச் சுமந்து சென்றவர்களில் நல்ல முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதே நம்மை நடுங்கவைக்கும் செய்தி. அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆதரவில் வாழ்ந்த உறவினர் மிஸ்தஹும் அவர்களில் ஒருவர். ஏறத்தாழ ஒரு மாத காலம் பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லம் துயரத்தில் ஆழ்ந்திருந்தது. பின்னரே அன்னையின் தூய்மையைப் பறைசாற்றும் வசனங்கள் அருளப்பட்டன.

திருமறையின் 24ஆம் அத்தியாயத்தில் அமைந்த அவ்வசனங்களில் ஒரு நுட்பம் உண்டு. 15ஆம் வசனத்தில் இறைவன், மக்கள் அச்செய்தியைத் தங்கள் நாவுகளால் வாங்கிக்கொண்டார்கள் என்று குறிப்பிடுகிறான். செய்தியைக் காதால் அல்லவா வாங்க வேண்டும்? காதால் வாங்கி, உள்ளத்தில் நிறுத்தி, அறிவால் எடைபோட்ட பிறகல்லவா நாவுக்கு வர வேண்டும்? இங்கே நாவிலிருந்து நாவுக்கே தாவியது. இடையில் உள்ளம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. அவர்கள் அதை அற்பமாக எண்ணினார்கள், அல்லாஹ்விடமோ அது மிகப் பெரியது என்றும் அவ்வசனம் எச்சரிக்கிறது. இன்று நாவின் வேலையை விரல் செய்கிறது. கண் பார்த்த மறுகணமே விரல் அனுப்பிவிடுகிறது.

அந்த ஒரு மாதத்தில் வேறு விதமாக நடந்தவர்களும் இருந்தார்கள். ஸைனப் (ரலி) அவர்களும் பெருமானாரின் மனைவியரில் ஒருவரே. நாயகத்தின் இல்லத்தில் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு நிகராக நின்றவர். அவருடைய உடன்பிறந்த சகோதரியே அவதூறு பேசியவர்களுடன் சேர்ந்திருந்தார். ஆயினும் ஸைனப் அவர்களிடம் பெருமானார் (ஸல்) வினவியபோது, தம் காதையும் கண்ணையும் தாம் காத்துக்கொள்வதாகவும், ஆயிஷாவிடம் நன்மையைத் தவிர வேறெதையும் தாம் அறிந்ததில்லை என்றும் கூறினார்கள். போட்டிக்கு இடமிருந்தும் பொய்க்கு இடம் தராத உள்ளம் அது. ஒரே வீட்டில் பிறந்த இருவர், ஒரே செய்தி. ஒருவர் கடத்தினார், மற்றவர் தடுத்தார்.

கைப்பேசியில் வந்த கொடுமை

இக்காலத்துக்கு வருவோம். 2018ஆம் ஆண்டு, பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் புகுந்திருக்கிறார்கள் என்னும் செய்தி நம் நாடெங்கும் வாட்ஸ்அப் வழியாகப் பரவியது. அதனுடன் சுற்றிய படக்காட்சிகளில் ஒன்று, கராச்சி நகரில் குழந்தைக் கடத்தலைப் பற்றிய விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்டது. குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். எஞ்சியது ஒரு கடத்தல் காட்சி. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த காரணத்தால் பிள்ளை பிடிப்பவர் என ஐயுற்று அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை முதல் நாள், மராட்டிய மாநிலம் தூலே மாவட்டத்தில் 5 பேர் அவ்வாறே கொல்லப்பட்டனர்.

அச்செய்தியை அனுப்பியவர்கள் கொலைகாரர்களா? அவர்களில் பலர் தாய்மார்கள், தந்தைமார்கள், அண்டை வீட்டுக்காரர்கள். தம் பிள்ளைகளைக் காக்கும் எண்ணத்துடன் தமக்கு வேண்டியவர்களுக்கு அனுப்பியவர்கள். வேண்டியவரிடமிருந்து வந்ததால்தான் பெற்றவர்களும் நம்பினார்கள். லாசர்ஸ்ஃபெல்டு கண்ட அந்த இரண்டாம் படி இதுதான். அன்பும் நம்பிக்கையுமே பொய்க்கு ஊர்தி ஆயின.

அதே 2018ஆம் ஆண்டு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், டுவிட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளின் தடத்தைத் தேடிச் சென்று, முடிவை "சயின்ஸ்" இதழில் வெளியிட்டனர். பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு, மெய்ச் செய்தியைக் காட்டிலும் 70 விழுக்காடு அதிகம். 1,500 பேரைச் சென்றடைய மெய்க்கு, பொய்யைப் போல் ஏறத்தாழ 6 மடங்கு காலம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிப் பார்த்தும் முடிவு மாறவில்லை. பொய்க்குக் காலும் சிறகும் கொடுத்தவர்கள் மனிதர்களே.

நம்மிடம் இருக்கும் உரைகல்

இந்த நோய்க்கு மருந்து எங்கே? அதைத் தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நபிமொழிக் கலையை உருவாக்கிய முன்னோர்கள், ஒரு செய்தியை ஏற்கும் முன் அதன் அறிவிப்பாளர் தொடரைக் கேட்டார்கள். இன்னார் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்னும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் ஐயுற்றார்கள். ஒவ்வோர் அறிவிப்பாளரும் நேர்மையாளரா, நினைவாற்றல் மிக்கவரா, தாம் யாரிடம் கேட்டதாகச் சொல்கிறாரோ அவரை உண்மையில் சந்தித்தவரா என்று தோண்டித் துருவினார்கள். அதற்காகவே "அஸ்மாவுர் ரிஜால்" என்னும் அறிவிப்பாளர் வரலாற்றுக் கலை வளர்ந்தது. மிகவும் பக்தியுள்ள பெரியவராக இருந்தும், நினைவு பிசகுபவர் என்றால் அவருடைய அறிவிப்பை ஒதுக்கினார்கள். பக்தி வேறு, துல்லியம் வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஒரே ஒரு நபிமொழிக்காக ஜாபிர் (ரலி) அவர்கள் ஒரு மாதத் தொலைவு பயணம் செய்ததை இமாம் புகாரி (ரஹ்) தம் நூலில் குறித்திருக்கிறார்கள்.

தீயவன் ஒரு செய்தி கொண்டுவந்தால் தெளிவாக விசாரியுங்கள், இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின் வருந்துவீர்கள் என்பது திருமறையின் 49ஆம் அத்தியாயம் 6ஆம் வசனத்தின் கருத்து. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்னும் பொருள்படும் நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார்கள். வாசகர்களே, இதனைக் கவனியுங்கள். பொய்யை உருவாக்கியவன் மட்டும் பொய்யன் அல்லன். ஆராயாமல் கடத்தியவனும் அந்தப் பட்டியலில் சேர்கிறான். "வந்ததை வந்தபடியே அனுப்பினேன்" என்று குறிப்பெழுதி அனுப்புகிறவர்கள், அந்தக் குறிப்பு மறுமையில் தம்மைக் காக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

நம் வீட்டுக் குப்பை

பிறரைச் சொல்லும் முன் நம் வீட்டைப் பார்ப்போம். மதீனாவில் நபிகளாரின் அடக்கத்தலத்தைக் காத்துவரும் ஷைகு அஹ்மது என்பவர் ஒரு கனவு கண்டதாகவும், அதைப் படியெடுத்துப் பரப்பினால் செல்வம் சேரும், பரப்பாவிட்டால் கேடு வரும் என்றும் சொல்லும் ஒரு கடிதம் உண்டு. 1880களிலேயே டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோஞ்ஞே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். சவூதி நாட்டின் தலைமை முஃப்தியாக இருந்து 1999இல் மறைந்த இப்னு பாஸ் அது பொய்யென்று விளக்கி மறுத்தார். கையெழுத்துப் பிரதியாக, அச்சிட்ட துண்டறிக்கையாக, நகலெடுத்த தாளாக வந்து, இன்று கைப்பேசியிலும் வருகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சாகாத பொய் அது. அதைச் சாகவிடாமல் காத்தவர்கள் யார்? நபிகள் மீது அன்பு கொண்ட நம்மவர்களே.

வெள்ளிக்கிழமை தோறும் எத்தனை குழுக்களில், எந்த நூலிலும் இல்லாத "நபிமொழிகள்" மலர்ப் படங்களுடன் வருகின்றன! "இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்னும் வேண்டுகோளும் கூடவே வருகிறது. தம் மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவர் தம் இருப்பிடத்தை நரகில் தேடிக்கொள்ளட்டும் என்று அண்ணலார் (ஸல்) எச்சரித்தார்களே. அந்த எச்சரிக்கையின் நிழலில் நின்றுகொண்டா நன்மையைத் தேடுவது?

வதந்தியின் வேதனை நமக்குத் தெரியாததன்று. 2020ஆம் ஆண்டு கொரோனா தொற்று பரவிய நாள்களில், டெல்லி தப்லீக் மாநாட்டைக் காட்டி ஒரு சமுதாயமே நோயைப் பரப்புகிறது என்று தூற்றப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அம்மாநாட்டில் கலந்துகொண்ட வெளிநாட்டவர் மீதான வழக்குகளை நீக்கியதோடு, ஊடகங்களில் நடந்த பெரும் பிரச்சாரத்தையும் கண்டித்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் பழி பரவிய வேகத்தில் தீர்ப்பு பரவவில்லை. அந்தச் சுடுசொல்லைத் தாங்கிய நாம், வேறொரு சாதியார், வேறொரு சமயத்தார், வேறொரு இயக்கத்தார் பற்றி வரும் பழியை மட்டும் சுவைத்துக் கடத்தலாமா? ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பதே 5ஆம் அத்தியாயம் 8ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளை.

"ஆராய்ந்துகொண்டிருந்தால் அநீதியை எதிர்ப்பது எப்போது?" என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அநீதியைக் கண்டு வாய் மூடியிருக்க மார்க்கம் சொல்லவில்லை. ஆனால் பொய்யான ஒரு சான்று, மெய்யான நூறு சான்றுகளின் மதிப்பையும் குலைத்துவிடும். நபிகளார் (ஸல்) தம் மனைவியரை மணவிலக்குச் செய்துவிட்டார்கள் என்று மதீனாவில் பேச்சு எழுந்தபோது, உமர் (ரலி) அவர்கள் அதைப் பிறரிடம் கொண்டு செல்லவில்லை. நேரே பெருமானாரிடம் சென்று கேட்டார்கள். இல்லை என்னும் விடை பெற்றதும், பள்ளிவாசல் வாயிலில் நின்று உரத்த குரலில் உண்மையை அறிவித்தார்கள். விசாரணையும் உண்டு, முழக்கமும் உண்டு. எது முன், எது பின் என்பதே கேள்வி.

செய்ய வேண்டியவை

ஒரு செய்தி நம் கைக்கு வந்தால் சில கேள்விகளைக் கேட்போம். இதைச் சொன்ன முதல் மனிதர் யார்? இது முழுமையானதா, வெட்டப்பட்டதா? இப்னு கல்தூன் கேட்டது போல, இது நடக்கக்கூடியதுதானா? மெய்யென்றே வைத்துக்கொண்டாலும், ஒருவருடைய மானத்தைக் குலைக்கும் புறம் பேசுதலாக இது ஆகுமா? இதை எல்லோரிடமும் சொல்வதா, பொறுப்பில் உள்ளவரிடம் மட்டும் சொல்வதா? அச்சமூட்டும் செய்தியைப் பரப்பாமல் பொறுப்புடையோரிடம் ஒப்படைக்குமாறு 4ஆம் அத்தியாயம் 83ஆம் வசனம் வழிகாட்டுகிறது.

தவறான செய்தியை அனுப்பிவிட்டதாகத் தெரிந்தால், சத்தமின்றி அழித்துவிடுவது போதாது. எந்தக் குழுவில் அனுப்பினோமோ அதே குழுவில் "நான் அனுப்பியது தவறு" என்று எழுத வேண்டும். பாவமன்னிப்புக் கோருவோர் தம்மைச் சீர்திருத்திக்கொள்வதோடு உண்மையைத் தெளிவுபடுத்தவும் வேண்டும் என்று 2ஆம் அத்தியாயம் 160ஆம் வசனம் நிபந்தனை வைக்கிறது. ஜமாஅத்துகளின் பெயரால் நடக்கும் குழுக்களில், நூலின் பெயரும் எண்ணும் இல்லாத நபிமொழிகளை ஏற்பதில்லை என்று நிர்வாகிகள் முடிவெடுக்கலாம்; ஐயத்தைப் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளியலாம். வீட்டிலுள்ள முதியோர் அறியாமல் அனுப்பினால், பிள்ளைகள் எள்ளி நகையாட வேண்டாம். அருகில் அமர்ந்து பணிவுடன் எடுத்துச் சொல்லட்டும்.

முற்காலத்தில் செய்தியை அறிவிப்பவர் சிலராகவும் கேட்போர் பலராகவும் இருந்தனர். இன்று கேட்பவர் ஒவ்வொருவரும் அறிவிப்பாளராகிவிட்டனர். நபிமொழி அறிவிப்பாளர்களின் நேர்மையை உலகம் இன்றும் நூல்களில் புரட்டிப் பார்க்கிறது. நம் அறிவிப்புகளின் ஏட்டை மறுமையில் இறைவன் புரட்டிக் காட்டுவான். அந்த ஏட்டில் "நம்பத்தக்கவர்" என்று நம் பெயர் எழுதப்பட, காதையும் கண்ணையும் நாவையும் விரலையும் காத்துக்கொள்ளும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.